ஹைப்போவுக்கும் ஆசிட்டுக்கும் நடுவே எத்தனை அடி?

ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியிலும் சமுசிகாபுரத்திலும் நெய்கிற பேண்டேஜ் துணி, தறியிலிருந்து இறங்கியதும் தண்ணீரை உறிஞ்சாது. பஞ்சின் மெழுகு போகக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, ஹைப்போவிலோ (சோடியம் ஹைப்போகுளோரைட்) பெராக்சைடிலோ வெளுத்த பிறகுதான் அது காயத்துக்குக் கட்டும் துணி. ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ வேதியியல் முடித்துவிட்டு, வெளுப்புப் பட்டறையில் மேற்பார்வையாளராகச் சேர்கிறீர்களா? முதல் வாரமே ஒரு நோட்டோடு துணி போகிற வழியில் நடந்துவிடுங்கள்.

எந்தக் கேன் எங்கே நிற்கிறது, யார் ஊற்றுகிறார், மிச்சம் எங்கே போகிறது? எல்லாவற்றையும் எழுதுங்கள். காஸ்டிக் சுடும், ஆசிட் அரிக்கும் என்பது வேலை செய்பவர்களுக்குத் தெரியும். இரண்டு சரக்கு சேரும் இடம்தான் கண்ணுக்குத் தப்பும். ஹைப்போவோடு ஆசிட் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது காற்றைவிடச் சுமார் 2.5 மடங்கு கனம், தரையோடு படரும். 10 பிபிஎம் இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வரையறுத்திருக்கிறது. வேண்டுமென்றே யாரும் கலப்பதில்லை. ஹைப்போ அளந்த மக்கை அப்படியே ஆசிட்டில் முக்குவார்கள். இரண்டு தொட்டிக் கழிவும் ஒரே வாய்க்காலில் விழும். தனி மக், தனி வாய்க்கால், நடுவில் ஒரு சுவர். இந்த மூன்றுக்காகவும் முதலாளியிடம் பிடிவாதம் பிடிக்கலாம், தப்பில்லை.

போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு வந்த 1989 அபாயகர ரசாயன விதிகளிலேயே பாதுகாப்புத் தரவுத்தாள் உண்டு. சப்ளையரிடம் கேட்டு வாங்குங்கள். 16 பிரிவுகளில் முதலில் 10-ஐப் படியுங்கள், எது எதோடு சேரக் கூடாது என்று அங்கே இருக்கும். 4-வது பிரிவின் முதலுதவியைத் தமிழில் எழுதித் தொட்டியருகே ஒட்டுங்கள்.

காஸ்டிக்கைத் தண்ணீரில்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆகவே குழாய் எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

துணி மாஸ்க் வாயுவை நிறுத்தாது. அதைக் கொடுத்துவிட்டுப் பாதுகாப்பு தந்தோம் என்று கணக்கு எழுதுவது அநியாயம். ஹைப்போவை விட்டுப் பெராக்சைடுக்கு மாறினால் குளோரின் பயமே இல்லை. ஆனால் அதில் துரு விழக் கூடாது, மிஞ்சியதைத் திரும்பக் கேனில் ஊற்றக் கூடாது, காற்றுப் போகும் மூடியை இறுக்கி அடைக்கக் கூடாது. இல்லையென்றால் கேன் உப்பி வெடிக்கும்.

ஆற்றிலோ ஓடையிலோ விடுகிற கழிவுநீரின் பிஎச் 6.5-க்கும் 8.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். காரத்தைக் குறைக்க ஆசிட் ஊற்றுவதுண்டு. அந்தத் தொட்டியில் ஹைப்போ மிச்சம் இருந்தால் அதை முதலில் முறித்து, சோதித்து, இல்லை என்று உறுதியான பிறகே ஆசிட் கேனைத் திறக்க விடுங்கள்.