வைகறையும் அயலார் உரிமையும்

முன்னுரை

வைகறையில் துயிலெழுதல் நம் முன்னோர் போற்றிய நல்லொழுக்கம். காலைப் பொழுதில் தம் சமுதாயத்தார்க்கு அருள்வளம் அமைய வேண்டுமென அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இறைஞ்சியதையும், அதனை அறிவித்த ஸக்ர் (ரலி) என்னும் வணிகர் தம் சரக்குகளைக் காலையிலேயே அனுப்பிச் செல்வம் பெருக்கியதையும் திர்மிதீ நபிமொழித் தொகுப்பிற் காண்கிறோம். எனவே, விடியலில் எழுந்து வேலை தொடங்குவோரைக் குறைகூற எவருக்கும் இடமில்லை. ஆயின், நாம் எழுந்துவிட்டோம் என்பதற்காகத் தெருவே எழவேண்டுமென எண்ணுவது முறையாகுமா? அதிகாலைப் பேரொலிக்கும் அயலார் உரிமைக்கும் உள்ள தொடர்பை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒலியின் இயல்பு

1830ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு எட்வின் பட்டிங் என்பார் புல்வெட்டும் பொறியை உருவாக்கினார். கையால் தள்ளப்பட்ட அப்பொறி பின்னர் எஞ்சின் பூண்டது. மேலைநாடுகளில் அண்டை வீட்டார் பிணக்குகளுக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. இயங்கும் எஞ்சின் பொறியின் அருகே ஒலியளவு ஏறத்தாழ 90 டெசிபல் ஆகும். திறந்த வெளியில் தொலைவு இருமடங்காகுந்தோறும் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். 1 மீட்டர் தொலைவில் 90 டெசிபல் எனக் கொண்டால் 16 மீட்டர் தொலைவில் 66 டெசிபல் எஞ்சும். டெசிபல் அளவில் 10 கூடினால் ஒலியாற்றல் பத்து மடங்காகும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. நண்பகற் சந்தடியில் மறைந்துபோகும் அதே ஒலி, ஊரடங்கிய வைகறையில் தனித்து நின்று செவியைத் தாக்குகிறது. பிழை ஒலியில் மட்டுமன்று, அதற்குத் தேர்ந்த பொழுதிலும் உள்ளது என்பது இதனாற் புலனாகும்.

செர்மானிய நாட்டில் 2002ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற விதி, குடியிருப்புப் பகுதிகளில் இத்தகைய பொறிகளை இரவு 8 மணி முதல் காலை 7 மணி வரையிலும், ஞாயிறு மற்றும் விடுமுறை நாள்களில் முழுவதும் இயக்கலாகாது எனத் தடுக்கிறது. நம் ஊர்களில் புல்வெளிகள் மிகுதியில்லை. ஆனால், கான்கிரீட் கலவைப் பொறி, நீரேற்றும் மோட்டார், வாயிலில் நின்று முழங்கும் வாகன ஹாரன், ஒலிபெருக்கி ஆகியவை அவ்விடத்தை நிரப்பிவிடுகின்றன.

சங்கச் சான்றோர் நெறி

அகநானூற்றின் நான்காம் பாடல் குறுங்குடி மருதனார் பாடியது. முல்லைத் திணையைச் சார்ந்தது. வினைமுடித்து விரைந்து மீளும் தலைவன், சோலையில் துணையோடு தேனுண்டிருக்கும் வண்டினம் வெருவுமே என அஞ்சித் தன் தேர்மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகின்றான். அவனுக்கு விரைவு உண்டு. காத்திருக்கும் தலைவியும் உண்டு. எனினும் அவன் பயணத்தை நிறுத்தவில்லை. ஒலியை மட்டுமே நிறுத்துகின்றான். தன் கடமையையும் பிறவுயிரின் அமைதியையும் ஒருங்கே காக்க வழியுண்டு என்பதை இக்காட்சி உணர்த்துகின்றது.

புறநானூற்றின் ஐம்பதாம் பாடலோ, முரசு கட்டிலில் அறியாது துயின்ற மோசிகீரனாருக்குச் சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை கவரி வீசி நின்ற செய்தியைத் தருகின்றது. தண்டிக்க உரிமை பெற்ற வேந்தனே துயில்பவரை எழுப்பாது காத்தான் என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

இசுலாம் காட்டும் வரம்பு

திருமறையின் அந்நிஸா அத்தியாயம் (4:36) உறவினரான அண்டை வீட்டாருக்கும் உறவினரல்லாத அண்டை வீட்டாருக்கும் நன்மை செய்யப் பணிக்கின்றது. அந்நூர் அத்தியாயம் (24:27) பிறர் இல்லத்துள் இசைவு பெறாது நுழைதலைத் தடுக்கின்றது. அதே அத்தியாயத்தின் 58ஆம் வசனம், வீட்டிற்குள்ளேயே பணியாளரும் பருவமெய்தாச் சிறாரும் அனுமதி கேட்க வேண்டிய மூன்று பொழுதுகளை வரையறுக்கின்றது. அவற்றுள் முதலாவது, பஜ்ருத் தொழுகைக்கு முந்திய பொழுது.

ஒரே கூரையின்கீழ் வாழ்வோர்க்கே அப்பொழுதில் அனுமதி வேண்டுமாயின், கதவும் சுவரும் கடந்து புகும் ஒலிக்கு எத்துணைக் கட்டுப்பாடு வேண்டும் என்பதை அறிஞர்கள் எண்ணிப் பார்த்தல் தகும்.

நாயகம் (ஸல்) அவர்கள் இரவில் இல்லம் வருங்கால், துயில்வோர் விழிக்காமலும் விழித்திருப்போர் கேட்குமாறும் ஸலாம் உரைப்பார்கள் என மிக்தாத் (ரலி) அறிவிப்பது முஸ்லிம் தொகுப்பில் உள்ளது. பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருந்தபோது, சிலர் உரத்து ஓதக்கேட்டுத் திரையை விலக்கி, ஒருவரையொருவர் தொல்லைப்படுத்தலாகாது என அவர்கள் அறிவுறுத்திய செய்தியை அபூதாவூத் தொகுப்பிற் காணலாம். இறைமறை ஓதுதற்கே இவ்வரம்பு எனில், ஏனைய ஒலிகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

நம்மை நோக்கி ஒரு வினா

பிறர் எழுப்பும் ஒலியைச் சுட்டுமுன் நம் பழக்கத்தையும் சீர்தூக்குதல் நேர்மை. கடிகாரம் அரிதாயிருந்த நாளில், ரமலான் இரவுகளில் பக்கீர்மார் தாயிரா அடித்துப் பாடி, ஸஹருக்கு எழுப்பிச் சென்றனர். அது தெருவைக் கடந்து செல்லும் ஒலி. தேவையினால் எழுந்த தொண்டு. இன்று கைபேசியிலேயே எழுப்பொலி உண்டு. அவ்வாறிருக்க, நள்ளிரவு கடந்து ஒலிபெருக்கியில் நீண்ட நேரம் அறிவிப்புச் செய்வது எதற்காக? நோயாளியும், கைக்குழந்தை பெற்ற தாயும், இரவுப்பணி முடித்து அப்போதே கண்ணயர்ந்த தொழிலாளியும், நோன்பு நோற்காத பிற சமய அயலாரும் அத்தெருவில் வாழ்கின்றனர். அவர்களது துயிலும் நம்மிடம் ஒப்படைக்கப்பெற்ற அமானிதமன்றோ?

நாட்டின் சட்டமும் இதனையே வலியுறுத்துகின்றது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவுப் பொழுது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் வரம்பு. அதே ஆண்டில், சென்னை வழிபாட்டிடம் ஒன்று தொடர்பான வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்து வழிபடுமாறு எச்சமயமும் விதிக்கவில்லை என உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

கடைப்பிடிக்கத் தக்கன

பேரொலி எழுப்பும் வேலையை நன்கு விடிந்தபின் தொடங்குதல். தவிர்க்கவியலாத போது முதல்நாளே அயலாரிடம் சொல்லிப் பொறுத்தருள வேண்டுதல். அயல்வீட்டில் நோயோ தேர்வோ உண்டாவென அறிந்து நடத்தல். ஸஹர் அறிவிப்பினை ஜமாஅத்தார் கலந்துபேசிக் கைவிடுதல் ஆகியவை ஒலியெழுப்புவோர் கடமைகள். தொல்லையுற்றோர்க்கும் கடமை உண்டு. சினந்து சுவரைத் தட்டாமலும், காவல் நிலையத்தை முதலில் நாடாமலும், அமைதியான வேளையில் நேரிற் சென்று இன்சொல்லால் எடுத்துரைத்தலே அது.

முடிவுரை

தொழுகையிலும் நோன்பிலும் சிறந்திருந்தும், தன் நாவினால் அண்டை வீட்டாரைத் துன்புறுத்திய பெண்ணின் நிலையை நபிகளார் (ஸல்) இடித்துரைத்ததை நாம் அறிவோம். வண்டுகளுக்காக மணியின் நாவைக் கட்டிய தலைவனையும் அறிவோம். ஒலிபெருக்கியும் பொறிகளும் நம் காலத்து நாக்குகள். அவற்றை வைகறையில் சிறிது நேரம் கட்டிவைப்போமாயின், நம் வணக்கமும் சிறக்கும். அயலார் உள்ளமும் குளிரும்.