வாடகைப் பந்தல் தொழில்: முதலில் வாங்க வேண்டியது எது?

வட இந்தியச் சிறு நகரங்களில் ‘டென்ட் ஹவுஸ்’ எனப்படும் விழாப்பொருள் வாடகை நிலையம் பலருக்கும் ஏற்ற சுயதொழிலாகும். 2015-இல் தொடங்கப்பட்ட முத்ரா திட்டத்தின் ‘சிசு’ பிரிவில் இதற்கு ரூ. 50,000 வரை கடன் பெறலாம். அத்தொகையில் முதலில் எதனை வாங்குவது?

அலங்கார மணமேடை ஒரே நாளில் மிகுந்த வாடகை ஈட்டும். ஆயினும் அது திருமணங்களுக்கு மட்டுமே பயன்படும். அங்கு சாதுர்மாச நான்கு மாதங்களிலும், நம் மார்கழிக்கு ஒப்பான கர்மாஸ் காலத்திலும் பெரும்பாலான இந்துக் குடும்பங்கள் திருமணம் நடத்துவதில்லை. கடன் தவணையோ நல்ல நாள் பார்த்து வருவதில்லை! நாற்காலியும் ஜமக்காளமும் பள்ளி விழா, பஜனை, துக்க வீடு என ஆண்டு முழுவதும் தேவைப்படுபவை. நாற்காலியின் விலை ரூ. 500, நாள் வாடகை ரூ. 10 எனக் கொண்டால், 50 முறை வெளியே சென்றதும் விலை மீளும். உடைதலும் வண்டிக்கூலியும் தனிக்கணக்கு. எனவே ஒரு நாள் வாடகையைவிட, ஆண்டில் எத்தனை நாட்கள் பொருள் வெளியே செல்லும் என்பதே முதன்மையானது. நாற்காலிகள் ஒரே வகையாக இருப்பின் உடைந்தவற்றுக்கு ஈடு வாங்குவது எளிது. மணமேடையையும் பெரிய அண்டாக்களையும் முதலாண்டில் பிற நிலையத்தாரிடமிருந்து வாடகைக்கு எடுத்து வழங்கலாம்.

திட்ட அறிக்கையைப் பரிசீலிக்கும் வங்கி அலுவலர், பன்னிரண்டு மாதங்களுக்கும் ஒரே வருவாய் காட்டும் அட்டவணையை அப்படியே ஏற்றல் கூடாது. திருமணமில்லா மாதங்களில் தவணை எதிலிருந்து கட்டப்படும் என வினவுதல் வேண்டும்.