நர்சம்மா அச்சமின்றி வரும் ஊர்

குடும்ப நலப் பாடம்: கணவனும் மனைவியும் சேர்ந்து படிக்க



கர்ப்பிணிக்கு ஊசி போட, பச்சைக் குழந்தையை எடை பார்க்க, கருத்தடை முறைகளை எடுத்துச் சொல்ல நம் ஊருக்கு வருபவர் கிராம சுகாதார செவிலியர். நாம் அவரை 'நர்சம்மா' என்கிறோம். சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசு வகுத்த அளவு. திருப்போரூர்ப் பக்கத்து ஏரிக்கரை ஆனாலும், கோவளம், சதுரங்கப்பட்டினம் கடலோரக் குப்பம் ஆனாலும் அவர் பெரும்பாலும் தனியாகவே வந்து போகிறார்.

"என்னங்க, இந்த வாரம் நர்சம்மா வரலியே?"

"போன தடவை ஒருத்தன் குடிச்சிட்டு வாய்க்கு வந்தபடி ஏசினானே, அதுதான் காரணமா இருக்கும்."

"அவன் ஏசினப்ப நாமெல்லாம் சும்மாத்தானே நின்னோம்?"

இதில் நஷ்டம் யாருக்கு? ஏசியவனுக்கு மட்டுமல்ல. ரத்த அழுத்தம் பார்க்காமல் விடப்பட்ட கர்ப்பிணிக்கும், தடுப்பூசி தவறிய குழந்தைக்கும்தான்.

இருளர் மக்கள் காட்டும் வழி

ஆண்டுதோறும் மாசி மகத்தில் இருளர் மக்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடிக் கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். மணலில் கொம்புகளை நட்டுச் சேலையைச் சுற்றிக் கட்டினால் அதுவே ஒரு குடும்பத்துக்கு வீடு. சுவரும் இல்லை, பூட்டும் இல்லை. சுற்றியுள்ளவர்கள் மதிப்பதால்தான் அந்தச் சேலை வீடாக நிற்கிறது. பாதுகாப்பான இடம் என்பதும் இப்படித்தான். கட்டடம் இல்லாவிட்டாலும் ஊரார் மனம் வைத்தால் அதை உண்டாக்கலாம்.

இன்னொன்றும் பாருங்கள். 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் இருக்கிறது. அங்கே எடுக்கும் விஷம்தான் மருந்துக் கம்பெனிகளுக்குப் போய், பாம்புக்கடிக்கு ஊசி மருந்தாகி ஆஸ்பத்திரிக்கு வருகிறது. நம் மண்ணின் அறிவும் ஆஸ்பத்திரி அறிவும் கைகோத்தால் உயிர் பிழைக்கும். ஒன்றை ஒன்று இகழ்ந்தால் யாருக்கும் பயனில்லை.

நாம் செய்ய வேண்டியவை

1. நர்சம்மா வரும் நாளில் அங்கன்வாடியிலோ ஒரு வீட்டிலோ கயிறு கட்டிப் பழைய சேலையால் மறைப்புப் போடுங்கள். பரிசோதனை நடக்கையில் உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள்.

2. குடிக்கத் தண்ணீர், உட்கார நிழல், பயன்படுத்தக் கழிப்பறை கொடுங்கள். அவர் எந்தச் சாதி என்று விசாரிக்காதீர்கள்.

3. இருட்டிய பிறகு அவரை அழைத்தால், ஒரு பெண்ணும் பொறுப்பான ஓர் ஆணும் கூடப்போய் அழைத்து வாருங்கள். அப்படியே திரும்பக் கொண்டுபோய் விடுங்கள். பிரசவ வலி என்றால் தாமதிக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள்.

4. கணவர்களே! "என் பெண்டாட்டிக்குக் காப்பர்-டி பற்றி ஏன் சொன்னே?" என்று சண்டைக்குப் போகாதீர்கள். சொல்வது அவர் கடமை. முடிவு செய்வது நீங்கள் இருவரும்.

5. வீட்டில் பச்சிலை மருந்து கொடுத்திருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள். அவரும் ஏளனம் செய்யாமல் கேட்டுக்கொள்வார் என்று எதிர்பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு.

6. குறை இருந்தால் கூச்சல் போடாமல், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். மரியாதையாக நடத்தப்படுவது உங்கள் உரிமையும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

மருத்துவப் பணியாளர்களையும் மருத்துவமனைகளையும் காக்க 2008-ல் தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியது. பணியில் இருப்பவரைத் தாக்கினால் 3 முதல் 10 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. இது ஜாமீனில் விட முடியாத குற்றம். ஆபத்தில் இருக்கும் எந்தப் பெண்ணும் 181-ல் உதவி கேட்கலாம்.

ஆனால் போலீஸ் வந்து சேர்வதற்கு முன்பே அங்கே நிற்பவர்கள் நாம்தான். ஒருவன் குரலை உயர்த்தும்போது "நிறுத்துப்பா, அவங்க நம்ம புள்ளைக்குத்தான் வந்திருக்காங்க" என்று ஒருவர் சொன்னாலும் போதும். அடுத்தவரும் எழுந்து வருவார்.

இருவரும் பேசிப் பாருங்கள்

- நம் தெருவில் நர்சம்மா உட்கார இடம் எது?
- ராத்திரி அழைப்பு என்றால் கூடப்போவது யார்?
- தகராறு வந்தால் முதலில் பேசப்போவது யார்?

இந்த மூன்றுக்கும் விடை வைத்திருக்கும் ஊரில் தாயும் சேயும் நலமாக இருப்பார்கள்.