வணிகவியல் வகுப்பில் சிலப்பதிகாரம்: இளம் ஆசிரியர்களுக்கு

திண்டுக்கல் பக்கத்துக் கல்லூரிகளில் பி.காம்., எம்.பி.ஏ. பிள்ளைகளுக்கு வணிக அறம் நடத்தப் போகும் தம்பி, தங்கைகளே!

1. குறளில் தொடங்காதீர்கள். நடுவு நிலைமை அதிகாரம் வணிகத்தைப் பற்றியே பேசி முடிகிறது, அதன் அருமை பெரிது. ஆனால் மதிப்பெண்ணுக்காக ஒப்பித்து வளர்ந்த பிள்ளைகள் குறளைக் கேட்டதும் தலையாட்டிவிடுவார்கள். கதையைக் கொடுங்கள், வாதாடுவார்கள்.

2. சிலப்பதிகாரத்தை எடுங்கள். கோவலன் வணிகர் மகன், இழந்த பொருளை ஈட்ட மதுரைக்குப் போனவன். வழியில் ஒரு மறையவன் சொல்லும் பாதைகளில் ஒன்று, வாழையும் பலாவும் சூழ்ந்த சிறுமலையைச் சுற்றிப் போகிறது. நம் பிள்ளைகள் தினமும் பார்க்கும் மலை.

3. கொலைக்களக் காதைக்குத் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள். கோவலன் விற்க வந்த சிலம்பு அரசியிடமிருந்து திருடியது என்று பொற்கொல்லன் சொல்ல, அரசியின் ஊடலைத் தணிக்கப் போகிற அவசரத்தில் பாண்டியன் கொலைக்கு ஆணையிடுகிறான். காவலர்களோ கோவலனைப் பார்த்ததும் இவன் திருடன் அல்லன் என்கிறார்கள். திருடர்களின் தந்திரங்களை அடுக்கி அவர்கள் வாயை அடைக்கிறான் பொற்கொல்லன். ஓர் இளம் காவலன், முன்பு தன்னிடமிருந்து தப்பிய திருடனை நினைத்து, விட்டால் அரசன் தண்டிப்பானே என்று அஞ்சுகிறான். அதற்குள் குடிவெறியில் ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். அந்தக் கூட்டத்தில் நீ நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பாய், யாரிடம்? பேச விடுவதற்கு முன் எழுத வையுங்கள். முதலாளிக்குப் பயந்து பொய்க்கணக்கில் கையெழுத்திட வேண்டிய நாள் இவர்களுக்கும் வரலாம்.

4. சிலம்புக்குள் மாணிக்கமா, முத்தா? உயிர் போன பிறகுதான் உடைத்துப் பார்த்தார்கள். முன்பே கேட்டிருக்க வேண்டியவர் யார் யார் என்று பட்டியல் போடச் சொல்லுங்கள்.

5. பொற்கொல்லனைத் திட்டுவதோடு வகுப்பைக் கலைக்காதீர்கள். நகைத்தொழில் செய்யும் வீட்டுப் பிள்ளையும் அங்கே உட்கார்ந்திருக்கும். குற்றம் ஒரு மனிதனுடையது, தொழிலுடையது அல்ல. இதில் கண்டிப்பாக இருங்கள்.

6. ஹார்வர்டு வணிகப் பள்ளியில் ஜோசப் படராக்கோ நாவல்களையும் நாடகங்களையும் வைத்தே தலைமைப் பண்பு நடத்தியவர். யாராவது இது தமிழ் வகுப்பா என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

7. பிறகு ஊருக்கு வாருங்கள். புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் பெயரில் வெளியூர்ப் பூட்டை விற்கலாமா? ஒட்டன்சத்திரம் மண்டியில் எடை குறைந்தால் விவசாயி யாரிடம் போவார்? பல பிள்ளைகளின் அப்பாவே கடைக்காரர், பதில் தயங்கித்தான் வரும். அவசரப்படுத்தாதீர்கள்.

8. தேர்வில் கதைச்சுருக்கம் கேட்காதீர்கள். அந்த இளம் காவலன் அரசனுக்கு எழுதும் கடிதத்தைக் கேளுங்கள்.