பயிற்றப்பட்ட காவற்கலங்கள்

மூத்தவாப்பாவுக்குப் புரொஸ்டேட் புற்றுநோய் எனத் தெரியவந்தபோது அது எலும்புக்கும் பரவியிருந்தது. சிறுநீர் கழிப்பதிலிருந்த சிரமத்தை அவர் வெட்கத்தால் மறைத்திருந்தார். "புது மருந்து ஒன்றும் இல்லையா மகள்?" என்று உம்மா கேட்டதால் தேடிப் படித்தேன்.

நமது வெண்குருதிக் கலங்களுள் ஒருவகையான ரி கலங்கள், வைரசு தொற்றிய கலங்களை அழிப்பவை. புற்றுநோய்க் கலங்கள் உடலின் சொந்தக் கலங்களிலிருந்தே தோன்றுவதால் பலவேளை தப்பிவிடுகின்றன. எனவே நோயாளியின் ரி கலங்களைப் பிரித்தெடுத்து, புதிய பரம்பரையலகைச் செலுத்தி, புற்றுநோயை அடையாளங்காணும் வாங்கியை அவற்றில் உருவாக்குகிறார்கள். பின்னர் பெருக்கி உடலுக்குள் ஏற்றுகிறார்கள். இதுவே கார்-ரி சிகிச்சை.

பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மையமும் உருவாக்கிய 'நெக்ஸ்கார்19' 2023 ஒக்டோபரில் இந்தியாவில் அனுமதி பெற்றது. ஆனால் அது சிலவகைக் குருதிப் புற்றுநோய்களுக்கே உரியது. புரொஸ்டேட் புற்றுநோயில் இச்சிகிச்சை இன்னும் பரிசோதனையிலேயே உள்ளது. கட்டியின் சூழல் ரி கலங்களை அடக்கிவிடுகிறது. இலக்காகும் பி.எஸ்.எம்.ஏ. புரதம் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் இருப்பது இன்னொரு சிக்கல்.

உம்மாவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். "சரி மகள், இருக்கிற மருந்தை ஒழுங்காகக் கொடுப்போம். மிச்சம் அல்லாஹ்வின் நாட்டம்" என்றார்.

தோழியரே, உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் சொல்லுங்கள்: வெட்கத்தை விட்டு, வருத்தத்தை நேரத்தோடு வைத்தியரிடம் சொல்லட்டும்.