வலிப்பு வரும் பிள்ளைக்கு ஸ்கேன்: தோட்டத்திலிருந்து புறப்படும் முன்

ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தால் லயமே கூடிவிடும். மறுநாளே "கண்டிக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுங்க" என்பார்கள். அதற்காக நகையை அடகு வைத்துவிடாதீர்கள். வந்தது வலிப்பு நோயா என்பதை டாக்டர் பெரும்பாலும் நீங்கள் கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் முடிவுசெய்கிறார். அது எதனால் வருகிறது என்று தேடத்தான் ஸ்கேன்.

ஆகவே முதல் வேலை வீட்டில். மறுபடி வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இன்னொருவர் போனில் வீடியோ எடுக்கட்டும், முகமும் கைகால்களும் தெரியும்படி. எந்தக் கை முதலில் இழுத்தது, கண் எந்தப் பக்கம் போனது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று கிளினிக் கொப்பியில் எழுதுங்கள். ஒரு பக்கத்தில் தொடங்கும் வலிப்பென்றால், மூளையில் தழும்போ பிறவிக் கோளாறோ இருக்கிறதா என்று பார்க்க எம்ஆர்ஐ ஸ்கேன் எழுதுவார்கள். 5 நிமிடம் தாண்டியும் நிற்காவிட்டால் வீடியோவை விட்டுவிட்டு 1990க்கு அழையுங்கள். சுவசெரிய ஆம்புலன்ஸுக்குக் காசில்லை.

அடுத்து, தோட்ட டிஸ்பென்சரியில் துண்டு வாங்கி டிக்கோயா அல்லது நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்து கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்கோ அனுப்புவார்கள். காய்ச்சலோடு வந்துபோகும் சாதாரண வலிப்புக்கு ஸ்கேன் வேண்டியதில்லை. தலையில் அடிபட்டாலோ மயக்கம் தெளியாவிட்டாலோ அவசரத்துக்கு உதவுவது சிடி ஸ்கேன். அதில் கதிர்வீச்சு உண்டு, சிறிய தழும்புகள் தப்பிவிடும். எம்ஆர்ஐக்கு நாள் தள்ளிப்போகிறதே என்று வெளியில் காசு கொடுத்து சிடி எடுக்காதீர்கள்.

எம்ஆர்ஐயில் அரை மணிக்கும் மேலாக ஆடாமல் படுத்திருக்க வேண்டும்; ஃபேக்டரி மெஷின் மாதிரி சத்தம் வரும். அதனால் சின்னப் பிள்ளைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பார்கள். வழக்கமாக சாப்பாடும் மாட்டுப்பாலும் 6 மணி நேரத்துக்கு முன்னும், தாய்ப்பால் 4 மணி நேரத்துக்கு முன்னும் நிறுத்த வேண்டும். ஆஸ்பத்திரியில் வேறு நேரம் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். முதல் பஸ்ஸில் பிள்ளை பசியென்று அழும். மனம் இளகி பிஸ்கட் கொடுத்தால் அன்றைய ஸ்கேன் போய்விடும், உங்கள் ஒரு நாள் பேரும் போய்விடும். வலிப்பு மாத்திரையை மட்டும் நிறுத்தக்கூடாது. காலையில் எப்படிக் கொடுப்பதென்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சளி, இருமல் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். அரைஞாண், தாயத்து, தோடு, ஊசி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். சிங்களம் தெரிந்த ஒருவர் கூட வந்தால் நல்லது.

ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்று வரலாம். வலிப்புள்ள பல பிள்ளைகளுக்கு ஸ்கேன் சுத்தமாகத்தான் இருக்கும். அதைக் கேட்டு மருந்தை நிறுத்திவிட்டால் வலிப்பு இன்னும் கடுமையாகத் திரும்பக்கூடும். 2 வயதுக்குள் எடுத்த படத்தை, மூளை வளர்ந்தபின் மறுபடி எடுக்கச் சொல்வதும் உண்டு. பழைய படத்தையும் அது பதிந்த சீடி தட்டையும் லயத்து ஈரம் படாமல் பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள். ஒவ்வொரு கிளினிக்குக்கும் கொண்டுபோங்கள்.