மாரிக்குப்பம் ரயிலில் ஆத்தும சோதனை

கோலார் தங்கவயல் என்கிற கே.ஜி.எஃப். சுரங்க லைன் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இரக்கம் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த லைன் முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நம் வீட்டுக் கஞ்சி முதலில் அங்கே போகும். அந்த இரக்கத்தில் ஒரு கரண்டியைத் தனக்கென்று எடுத்து வைக்கத்தான் எங்கள் ஜனத்துக்குத் தெரியாது.

அதற்குச் சுரங்கம் ஒரு காரணம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையே கொதிக்கும். எப்போது வேண்டுமானாலும் ‘ஏர் பிளாஸ்ட்’ வரும், பாறை வெடித்துச் சிதறும். வலிக்கிறது, பயமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தால் மறுநாள் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் ஏற முடியாது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து, 2001 பிப்ரவரி 28இல் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது வரை, நாலைந்து தலைமுறை ஆம்பிளைகள் இப்படித்தான் பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். பொம்பளைகளும்தான். சுரங்கம் மூடிய பிறகு அந்தப் பல்லைக் கடிக்கும் பழக்கம் என்ன ஆனது என்று பார்த்தால், அது அப்படியே தன்னைத் திட்டும் பழக்கமாக மாறியிருக்கிறது. எடுக்கிற தங்கத்தின் விலையைவிட எடுக்கும் செலவு அதிகமாகிப் போனதால் மூடினார்கள். அதை எங்கள் நைனாவும் பேப்பரில் படித்தவர்தான். ஆனாலும் இன்றுவரை, “நான்தான் வேற வேலை கத்துக்கினு இருக்கணும்” என்றுதான் சொல்வார். நெஞ்சில் சுரங்கத் தூசியைச் சுமந்துகொண்டு, இருமலுக்கு நடுவில் சொல்வார்.

இன்னொரு காரணம் எங்கள் பக்தி. நான் சாம்பியன் ரீஃப் மாதா கோயிலில் புதுநன்மை வாங்கியவள். தவக்காலத்தில் முட்டி தேயத் தேயச் சிலுவைப்பாதை செய்த குடும்பம். ‘பாவி’ என்கிற வார்த்தை ‘பிள்ளை’ என்கிற வார்த்தைக்கு முன்னாலேயே எங்கள் காதில் விழுந்தது. கோயிலை நான் குறை சொல்ல வரவில்லை. ஜெபம், நோன்பு, பாவசங்கீர்த்தனம், ஓய்வுநாள் என்று நாம் கடைப்பிடிக்கிற ஒவ்வொன்றுக்குள்ளும் இரக்கம் பாதி இருக்கிறது. சுரங்கத்துப் புத்தியோடு எடுத்துக்கொண்டதால் நாம் அடிக்கிற பாதியை மட்டும் வைத்துக்கொண்டோம். மற்ற பாதியை நான் எங்கே எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் ஆத்தும சோதனை. இரவு படுக்கும் முன் அன்றைய பாவங்களை எண்ணிப் பார்ப்பது என்றுதான் மறைக்கல்வியில் படித்தோம். இதைப் பெரிய அளவில் பரப்பியவர் புனித லொயோலா இஞ்ஞாசியார். 1522இல் மன்ரேசா ஊரில் தங்கியிருந்தபோது அவர் பட்ட பாட்டை நமக்கு யாரும் சொல்வதில்லை. சொன்ன பாவத்தையே திரும்பத் திரும்பச் சங்கீர்த்தனம் செய்தார். இன்னும் ஏதோ விட்டுப்போயிற்று என்ற அரிப்பு நிற்கவே இல்லை. செத்துப்போகலாம் என்றுகூடத் தோன்றியது. ஒரு வாரம் அன்னம் தண்ணீர் இல்லாமல் கிடந்தார். பாவசங்கீர்த்தனம் கேட்ட சாமியார்தான், போதும், போய்ச் சாப்பிடு என்று கட்டளையிட்டு நோன்பை முறிக்க வைத்தார். அந்த அனுபவம் உள்ளவர் பின்னால் ஆத்தும சோதனைக்கு எழுதிவைத்த முறையில் முதல் படி பாவம் அல்ல, நன்றி. பாவத்தைப் பார்ப்பது அதற்கு அப்புறம், அதுவும் கடவுளிடம் வெளிச்சம் கேட்டுவிட்டு.

நான் இதைச் செய்கிற இடம் ரயில். கே.ஜி.எஃபில் வேலை இல்லாததால் ஊரே விடியுமுன் எழுந்து பெங்களூருக்கு ஓடுகிறது. மாரிக்குப்பம், சாம்பியன், ஊர்காம், கோரமண்டல் என்று நின்று நின்று பங்காருப்பேட்டை வருவதற்குள்ளேயே பெட்டி நிறைந்துவிடும். காலையில் ஜெபமாவது, ஒன்றாவது! சாயங்காலம் திரும்பும்போது, மாலூர் தாண்டினால் கொஞ்சம் மூச்சு விடலாம். அப்போது கண்ணை மூடிக்கொள்வேன். நன்றி சொல்லும்போது பொத்தாம்பொதுவாகச் சொல்லக்கூடாது, அது வேலைக்கு ஆகாது. வைட்ஃபீல்டில் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு இடம் விட்ட பெண், மத்தியானம் ருசியாக இருந்த புளிச்சாதம், இப்படி உருவம் உள்ள விஷயமாக இருக்க வேண்டும். பிறகு காலையிலிருந்து மணி மணியாக நாளைப் பார்த்துக்கொண்டு வருவேன். ஏதாவது ஓர் இடத்தில் மனசு முள்ளில் மாட்டும். அங்கே நின்று ஒரு கேள்வி கேட்பேன்: இதையே என் பக்கத்து சீட்டுக்காரி செய்திருந்தால் நான் அவளிடம் என்ன சொல்வேன்?

இந்தக் கேள்வி எனக்கு வந்ததே அப்படி ஒரு பக்கத்து சீட்டுக்காரியிடமிருந்துதான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குப் பேரன்ட்ஸ் மீட்டிங், ஆபீசில் லீவு தரவில்லை. பங்காருப்பேட்டை வரைக்கும் வாய் திறக்காமல் வந்தவள் திடீரென்று, “நான்லாம் ஒரு அம்மாவாக்கா?” என்றாள்.

“நாலு மணிக்கு எழுந்து சோறு வடிச்சு டப்பா கட்டிட்டு ஓடியாற, அம்மா இல்லாம நீ இன்னா? நாளைக்கு டீச்சருக்குப் போன் போட்டுப் பேசு, அவங்களும் மனுஷிதானே” என்றேன்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னைப் பார்த்தாள். “இதே மாதிரி உன்கிட்ட நீ பேசிக்கினு நான் பார்த்ததே இல்லையேக்கா.”

அன்றிலிருந்து, மாட்டின இடத்தில் எனக்கு நானே பேசுகிற பேச்சை அதே கே.ஜி.எஃப். தமிழில்தான் பேசுகிறேன். ஜெபப் புத்தகத் தமிழில் பேசினால் மனசு நம்ப மாட்டேன் என்கிறது. பேச்சு முடிந்ததும் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று இருந்தால் குறித்துக்கொள்வேன்: போன் போடுவது, மன்னிப்புக் கேட்பது, மாத்திரை வாங்குவது. தன்மேல் இரக்கம் என்றால் தன்னைத் தப்பிக்க விடுவது என்று சிலர் பயப்படுகிறார்கள். அடி விழுமோ என்ற பயம் போன பிறகுதான் குற்றத்தை நேராகப் பார்க்கவே முடிகிறது என்பது என் அனுபவம்.

தன்மேல் இரக்கத்தை ஆராய்ந்த கிறிஸ்டின் நெஃப் என்ற அமெரிக்க உளவியலாளர் 2003இல் மூன்று அம்சங்களைச் சொன்னார்: தன்னிடம் அன்பாக இருப்பது, தவறுவதும் வேதனைப்படுவதும் மனிதர் எல்லாருக்கும் பொது என்று உணர்வது, வலியைப் பெரிதாக்காமலும் மறைக்காமலும் பார்ப்பது. இரண்டாவதைப் படித்தபோது எனக்குத் திருப்பலியின் தொடக்கம்தான் ஞாபகம் வந்தது. நெஞ்சில் தட்டிப் பாவத்தை ஒப்புக்கொள்கிறோமே, அதை ஃபாதரும் சேர்ந்துதான் செய்கிறார். கோயில் முழுக்க ஒரே நேரத்தில் தட்டுகிறது. இத்தனை வருஷமும் நான் தனியாகத் தட்டிக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தேன்.

அடுத்தது புலம்பல். திருப்பாடல்கள் நூற்றைம்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். நம் ஜெபக் கூட்டங்களில் அவற்றைத் தாண்டி நேராகத் துதிக்கு ஓடிவிடுகிறோம். நைனாவுக்கு இரவில் மூச்சு இழுக்கும்போது தூக்கம் வராது, ஏதாவது வாசி என்பார். ஒருநாள் 88ஆம் பாடலை வாசித்தேன். குழி, ஆழம், இருட்டு என்று போய், பெரும்பாலான புலம்பல்களைப் போல நம்பிக்கையில் முடியாமல் இருட்டிலேயே முடிந்துவிடும் பாட்டு அது. முடித்துவிட்டு, இதைப் போய் வாசித்தோமே என்று நினைத்தேன். நைனா, “இவன் அண்டர்கிரவுண்டுல வேலை செஞ்சவன்டி” என்றார். மறுநாளும் அதையே கேட்டார். ஆகவே என் யோசனை: மனசு கனமாக இருக்கும் நாளில் நன்றிப் பாட்டைத் தேடாதீர்கள். 13, 22, 88 இவற்றில் ஒன்றை வாய்விட்டு, மெதுவாக வாசியுங்கள். ஆறுதல் வசனம் எதையும் பின்னாடியே ஒட்டாதீர்கள்.

நோன்பைப் பற்றிச் சுருக்கமாக. திருச்சபைச் சட்டப்படி ஒருசந்தி 18 வயதிலிருந்து 59 வரைதான், அதுவும் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். நோயாளிக்கு விலக்கு உண்டு. சுகர் மாத்திரை போட்டுக்கொண்டு, தவக்காலம் முழுக்க மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு, ரயிலில் மயங்கி விழும் அக்காமார்களை நான் அறிவேன். செத்துப்போனால் தேவலை என்று சூரைச் செடியின் கீழ் படுத்த எலியாவுக்கு வானதூதர் கொடுத்தது சூடான அப்பமும் ஒரு ஜாடித் தண்ணீரும். தின்றுவிட்டு அவர் மறுபடி தூங்கினார். அதற்கும் திட்டு விழவில்லை, இன்னொரு வேளைச் சாப்பாடுதான் வந்தது.

பாவசங்கீர்த்தனத்தில் நான் கற்றது, ஒரு முறை சொன்னதை மறுபடி சொல்லக்கூடாது என்பது. மன்னிப்புக் கிடைத்த பாவத்தைத் திரும்பத் தோண்டுவது பணிவு மாதிரித் தெரியும், உண்மையில் அது மன்னிப்பை நம்பாத பிடிவாதம். தொன் போஸ்கோ தன் சபைக்குப் பெயரெடுத்துக்கொண்ட புனித பிரான்சிஸ் சலேசியார் 1609இல் வெளியிட்ட பக்தி நூலில், நம் குறைகளிடம் நாமே சாந்தமாக இருக்க வேண்டும் என்று ஓர் அதிகாரமே எழுதியிருக்கிறார். நானூறு வருஷமாகியும் எங்கள் ஊருக்கு அது வந்து சேரவில்லை.

ஜெபத்தால் எல்லாம் சரியாகும் என்று சொல்கிறவர்களிடம் எனக்குக் கோபம் உண்டு. வாரக்கணக்காகத் தூக்கம் இல்லை, சாவு நினைப்பு வருகிறது என்றால் அது ஆத்தும சோதனைக்கு அடங்காது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்குப் போகிற ரயிலும் இதே ரயில்தான். போக முடியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. மன்ரேசாவில் இஞ்ஞாசியாரையும் இன்னொருவர் சொல்லித்தான் சாப்பிட வைக்க வேண்டியிருந்தது.

கடைசியாக ஞாயிற்றுக்கிழமை. மற்றதெல்லாம் எளிது, இதுதான் கஷ்டம். ஓய்வுநாள் கட்டளை மகனுக்கும் மகளுக்கும் அடிமைக்கும் ஊரில் தங்கிய அந்நியருக்கும் ஓய்வு சொல்கிறது. மாட்டையும் கழுதையையும்கூட விடவில்லை. பட்டியலில் மனைவியைத் தனியாகச் சொல்லாததை மட்டும் நம் வீடுகள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன போலும். ஆறு நாள் ரயில், ஏழாம் நாள் பூசை முடிந்ததும் ஒரு வாரத் துணி, கறிக்குழம்பு, மாவு அரைப்பது என்றுதான் போகும். முழுநாள் ஓய்வு என்று ஆரம்பித்தால் முடியாது. இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் எதையும் கழுவக்கூடாது, மடிக்கக்கூடாது, ஜெபக் கூட்டத்துக்குக்கூடப் போகக்கூடாது. படுத்துக்கொள்ளலாம், பாட்டு கேட்கலாம். குற்ற உணர்ச்சி வரும், வரட்டும், அது பாட்டுக்கு ஓர் ஓரமாக உட்காரட்டும். முதல் சில வாரம் வீட்டில் முணுமுணுப்பு இருக்கும். எங்கள் வீட்டில் நைனாதான் எனக்காகப் பேசினார். “ஷிஃப்ட் முடிஞ்சவள எழுப்பாதீங்கடா” என்று பேரன்களை அதட்டினார். இப்போது அந்த நேரத்துக்கு டீ போடுவது பெரியவன். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகத்தான் போடுகிறான்.